எல்லாம் சைக்கிள்தான்னு வச்சுக்க

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் போயிருந்தேன். கறிக்குழம்பு முடிந்து வீட்டில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்ட நேரம். அண்ணன் மகள் கணக்கு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு. இரு மாறிகளில் நேரியல் சமன்பாடுகள். பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என்று மூன்றையும் பக்கம் பக்கமாகப் போட்டு வைத்திருந்தாள். ஒரு தப்பு இல்லை. பாடத்தின் கடைசியில் வரும் வார்த்தைக் கணக்குகளுக்கு மட்டும் நம்பர் போட்டு இடம் விட்டிருந்தாள்.

"சமன்பாட்டைக் குடுத்துட்டா நான் போட்டுருவேன் சித்தப்பா. இதுல சமன்பாடே இல்லையே?"

நியாயமான புகார்தான். எனக்கும் அந்த வயதில் அதே வியாதி இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கை அப்பா தினமும் ராத்திரி என் கண் முன்னால் போட்டுக்கொண்டிருந்தார். அது இதுதான் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அவள் காட்டிய கணக்கு இது. ஒரு தேர்வில் 40 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிய ஒருவன் 110 மதிப்பெண் பெற்றான். எத்தனை சரி, எத்தனை தவறு?

"எல்லாம் சரியா எழுதியிருந்தா 160. கிடைச்சது 110. அம்பது குறையுது, அப்ப அம்பது தப்பா? கேள்வியே நாப்பதுதானே?" என்று அவளே சொல்லிவிட்டு அவளே குழம்பினாள்.

நான் பேனாவை வாங்குவதற்குள் ஈசி சேரில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா சொன்னார்: "ஒரு தப்புக்கு ஒரு மார்க்கா போகுது? வர வேண்டிய நாலும் போச்சு, கையில இருந்து ஒண்ணும் போச்சு. அஞ்சு. அம்பதுல அஞ்சு எத்தனை ஆத்தா?"

பத்து. பத்து தப்பு, முப்பது சரி. 120-ல் பத்து போனால் 110. கண்ணைத் திறக்காமலே போட்டுவிட்டார்.

அப்பா படித்தது எட்டாவது வரைக்கும். இந்த வித்தையை அவர் கற்றுக்கொண்டது சைக்கிள் ஸ்டாண்டில்.

1990-களின் நடுவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு ஸ்டாண்ட் நடத்தினார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காலையில் சைக்கிளில் வந்து, விட்டுவிட்டு, மதுரைக்கு பஸ் ஏறுவார்கள். சாயங்காலம் இறங்கி எடுத்துக்கொண்டு ஊருக்கு மிதிப்பார்கள். சைக்கிளுக்கு 2 ரூபாய், பைக்குக்கு 5. டிவிஎஸ் ஃபிஃப்டி பைக் கணக்கு என்று அப்பாவும், அதில் பெடல் இருக்கிறது, ஆகவே சைக்கிள் கணக்கு என்று வண்டிக்காரர்களும் தினமும் காலையில் ஒரு சண்டை போடுவார்கள். அப்பாதான் ஜெயிப்பார்.

சீட்டு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். நம்பர் அடித்த மஞ்சள் ரசீதுக் கட்டு. பாதியைக் கிழித்து வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டு அடிக்கட்டையை வைத்துக்கொள்வோம். சைக்கிளா பைக்கா என்று எழுத நேரம் இருக்காது. ஏழரை மணிக்கு வாசலில் வண்டி மேல் வண்டி நிற்கும், எல்லோருக்கும் எட்டு மணிக்குள் பஸ் பிடிக்க வேண்டும்.

ராத்திரி கடை கட்டியதும் அப்பா கல்லாவைக் கவிழ்த்து எண்ணுவார். அப்புறம் ரசீதுக் கட்டைப் பார்ப்பார். முதல் நம்பர் 3412, கடைசி நம்பர் 3554 என்றால் நான் கழித்துப் பார்த்து 142 என்பேன். அப்பா 143 என்பார். "முத வண்டியும் வண்டிதானடா." இந்த ஒன்றைக் கூட்ட மறப்பது என்னை இன்றைக்கும் விடவில்லை, ஆபீஸில் வவுச்சர் எண்ணும்போது இரண்டு தரம் பார்க்கிறேன்.

அன்றைக்கு 143 வண்டி, கல்லாவில் 454 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சைக்கிள், எத்தனை பைக்? அப்பாவின் பேச்சு இப்படிப் போகும்:

"எல்லாம் சைக்கிள்தான்னு வச்சுக்க. 286 ரூபா வந்திருக்கணும். வந்தது 454. மேக்கொண்டு 168. சைக்கிள் நிக்கிற எடத்துல பைக் நின்னா மூணு ரூபா கூட. 168-ல மூணு எத்தனை? அம்பத்தாறு. பைக் 56, சைக்கிள் 87."

நோட்டில் நான் எழுதிக்காட்டியது இது (எக்ஸ் சைக்கிள்களின் எண்ணிக்கை, ஒய் பைக்குகளின் எண்ணிக்கை):

எக்ஸ் + ஒய் = 143
2எக்ஸ் + 5ஒய் = 454

முதல் வரியை 2 ஆல் பெருக்கு: 2எக்ஸ் + 2ஒய் = 286. இதை இரண்டாம் வரியிலிருந்து கழி: 3ஒய் = 168. ஒய் = 56.

"தாத்தா சொன்ன நம்பரேதான் எல்லாம் வருது!" என்றாள். 286, 168, 3, 56. ஒன்றுகூட மாறவில்லை. இரண்டால் பெருக்குவது என்றால் எல்லா வண்டியையும் சைக்கிளாக்குவது. கழிப்பது என்றால் மேற்கொண்டு வந்த காசைப் பார்ப்பது. நீக்கல் முறை என்று புத்தகம் பெயர் வைத்திருக்கிறதே, அதில் நீக்கப்படுவது யார்? சைக்கிள். இது தெரியாமல் நான் ஒன்பதாம் வகுப்பில் இரண்டால் பெருக்கி, கழித்து, மார்க்கும் வாங்கினேன்.

பாடப்புத்தகத்தில் 'மிதிவண்டிகளின் எண்ணிக்கை எக்ஸ் என்க' என்று இருக்கும். அந்த 'என்க' தமிழ் ஐயா வகுப்பில் வியங்கோள் வினைமுற்று; கணக்கு வகுப்பில் பயமுறுத்தும் ஒரு சொல். வேறெங்கும் அது நமக்கு எதிர்ப்படுவதில்லை. ஆனால் அப்பாவின் 'வச்சுக்க'தான் அந்த 'என்க'. தெரியாததைத் தெரிந்த மாதிரி வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்வது. அப்பா ஒரு பொய்யை வைத்துக்கொண்டு (எல்லாமே சைக்கிளாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்) அந்தப் பொய் எவ்வளவு இடிக்கிறது என்று பார்த்து உண்மைக்குப் போகிறார். புத்தகம் பெயரில்லாத ஓர் எண்ணுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போகிறது.

அப்பா வழிக்குச் சொந்தக்காரர்கள் ஊர் உலகமெல்லாம் இருக்கிறார்கள். ஒரு கூண்டில் கோழிவகைப் பறவைகளும் முயல்களும். தலை 35, கால் 94. எது எத்தனை என்று ஒரு பழைய சீனக் கணக்கு உண்டு. எல்லாம் பறவை என்று வைத்துக்கொண்டால் கால் 70, மிச்சம் 24, முயலுக்கு இரண்டு கால் கூட, ஆக முயல் 12, பறவை 23. சைக்கிள் ஸ்டாண்டேதான். நம் எக்ஸும் ஒய்யும் வயதில் ரொம்பச் சின்னவை. தெரியாத எண்களுக்கு எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகளை வைக்கும் வழக்கத்தைப் பரப்பியது 1637-ல் வெளிவந்த, பிரெஞ்சுக் கணித அறிஞர் தெகார்த்தின் வடிவியல் நூல்.

அதற்காக எழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. சைக்கிள், பைக்கோடு ஆட்டோவும் வந்து, மூன்றுக்கும் மூன்று ரேட் என்றால் அப்பாவின் 'வச்சுக்க' மூச்சு வாங்கும். எழுத்து அசராது. ஆனால் எழுத்துக்கென்று ஒரு கோளாறு இருக்கிறது. அண்ணன் மகள் முதல் வரியில் 'எக்ஸ் = சரி, ஒய் = தப்பு' என்று எழுதியிருந்தாள். எக்ஸ் என்பது சரி இல்லை. சரியான விடைகளின் எண்ணிக்கை. எழுத்தைப் பொருளாக நினைத்தால் என்ன ஆகும்? 6 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பதை 6மா = ஆ என்று எழுதிவிடுவோம். 60 மாணவர், 10 ஆசிரியர் என்று போட்டுப் பார்த்தால்தான் தலைகீழ் என்று தெரியும்: 6 × 60 எப்படிப் பத்தாகும்? அமெரிக்காவில் 1980 வாக்கில் பொறியியல் மாணவர்களிடமே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பு. அதனால் அவளை 'எண்ணிக்கை' என்ற சொல்லைச் சேர்த்து எழுத வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினாள்.

அடுத்து படகுக் கணக்கு. ஓட்டத்தின் திசையில் 30 கி.மீ. போக 2 மணி நேரம். எதிர்த்து 18 கி.மீ. வர 2 மணி நேரம். படகின் வேகம் என்ன, ஆற்றின் வேகம் என்ன? மதுரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு தனித் தைரியம் வேண்டும். வைகையில் படகு போய் யார் பார்த்தது? சித்திரையில் அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

"தெப்பக்குளத்துல படகு விடுறாங்களே?" என்றாள்.

அங்கேதான் விஷயம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், படகுக்கு இடமும் உண்டு. ஆனால் ஓட்டம் கிடையாது. போகும்போதும் எக்ஸ், வரும்போதும் எக்ஸ். எத்தனை தரம் போய் வந்தாலும் ஒரே சமன்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். ஆறு இருந்தால்தான் எக்ஸ் + ஒய் = 15, எக்ஸ் − ஒய் = 9 என்று இரண்டு வேறு சமன்பாடு கிடைக்கும். கூட்டினால் 24, பாதி 12, அது படகு. மிச்சம் 3, அது ஆறு. ஒய் என்பதை நீரில் பார்க்க முடியாவிட்டாலும் காற்றில் பார்க்கலாம்: ஆடி மாதம் உசிலம்பட்டி ரோட்டில் மேற்கே பார்த்து சைக்கிள் மிதித்தவனுக்குத் தொடையில் தெரியும்.

வயதுக் கணக்குகளைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஐந்து மடங்கு, ஐந்து வருடம் கழித்து மூன்று மடங்கு என்று யார் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்? அதில் பிள்ளைகள் செய்யும் தப்பு ஒன்றுதான்: அப்பாவுக்கு ஐந்து வயது கூட்டிவிட்டு மகளை அப்படியே விட்டுவிடுவது. இந்தக் கணக்கின் விடை அப்பாவுக்கு 55, மகளுக்கு 15. அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு, "லேட் மேரேஜ் போல" என்றாள். போகட்டும்.

எனக்குப் பிடித்த கணக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடப் பழசு. மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் 850 வாக்கில், ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷரின் காலத்தில் எழுதிய 'கணித சார சங்கிரகம்' என்ற சமஸ்கிருத நூலில் இருக்கிறது. சென்னையில் பேராசிரியராக இருந்த ரங்காச்சாரியார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1912-ல் மதராஸ் அரசு அச்சகத்தில் வந்தது. கணக்கு இதுதான்: நார்த்தை இனத்துப் பழம் 9, விளாம்பழம் 7, இரண்டும் சேர்ந்து விலை 107. அதே பழம் 7, விளாம்பழம் 9 என்றால் 101. ஒன்று என்ன விலை?

நீக்கல் முறைக்குப் போனால் 9 ஆலும் 7 ஆலும் பெருக்கி 963, 707 என்று அலைய வேண்டும். அலையவேண்டாம். இரண்டு கூடையையும் ஒன்றாகக் கொட்டுங்கள். நார்த்தையும் 16, விளாம்பழமும் 16, விலை 208. ஆக ஒரு ஜோடி 13. அப்புறம் இரண்டு கூடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு விளாம்பழத்தை எடுத்துவிட்டு இரண்டு நார்த்தையைப் போட்டால் 6 ஏறுகிறது. ஆக ஒன்றுக்கொன்று 3 வித்தியாசம். கூட்டினால் 13, கழித்தால் 3: எட்டும் ஐந்தும்.

அவள் கண் விரிந்தது. உடனே தானே ஒரு கணக்கு செய்கிறேன் என்று அப்பத்தாவிடம் ஓடினாள். அம்மாவுக்குப் பூக்கணக்கு விரல் நுனியில் இருக்கும். வெள்ளிக்கிழமை 3 முழம் மல்லி, 2 முழம் கனகாம்பரம், 130 ரூபாய். அன்றைக்குக் காலையில் 2 முழம் மல்லி, 3 முழம் கனகாம்பரம், 170 ரூபாய். மகாவீரர் கணக்கேதான் என்று குதித்தாள். கூட்டினாள்: 5 ஜோடி 300, ஒரு ஜோடி 60. கழித்தாள்: கனகாம்பரம் 40 ரூபாய் கூட. ஆக கனகாம்பரம் முழம் 50, மல்லி முழம் 10.

"பத்து ரூபாய்க்கு மல்லியா? எங்கடி விக்கிது? எனக்குப் பத்து முழம் வாங்கியா" என்றார் அம்மா.

கூட்டல் சரி, கழித்தல் சரி. பிசகு எங்கே? வெள்ளிக்கிழமை மல்லி முழம் 30, கனகாம்பரம் 20. ஞாயிறு முகூர்த்த நாள். மல்லி 40, கனகாம்பரம் 30. முதல் சமன்பாட்டு எக்ஸ் வேறு, இரண்டாம் சமன்பாட்டு எக்ஸ் வேறு. எழுத்து ஒன்று என்பதால் நாம் ஏமாந்துவிட்டோம். பாடப்புத்தகத்துப் பென்சில் விலை வருடம் முழுக்க மாறாது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் நிலையான விலை கிடைக்கவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ சில நூறு ரூபாய்க்கும் போகும், பனியில் வரத்துக் குறைந்து முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் ஆயிரங்களுக்கும் போகும். இரண்டு சமன்பாட்டை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதும்போது 'இரண்டிலும் அதே விலைதான்' என்று எழுதாத மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது. வார்த்தைக் கணக்கு அதை நமக்குச் சும்மா கொடுத்துவிடுகிறது. பூக்காரம்மா கொடுக்க மாட்டார்.

வேறு இரண்டு சமன்பாடு தா என்று கேட்டபோது அவள் 3 முழம் மல்லி, 2 முழம் கனகாம்பரம் 130, 6 முழம் மல்லி, 4 முழம் கனகாம்பரம் 260 என்று எழுதினாள். இரண்டாவது முதலாவதையே இரட்டிப்பாகச் சொல்கிறது. தெப்பக்குளத்துப் படகு மாதிரி. அவளே பார்த்துவிட்டு அடித்தாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "அந்த ஒரு ரூபா இடிச்ச கதையைச் சொன்னியாடா?"

அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நாள் 131 வண்டி, 395 ரூபாய். எல்லாம் சைக்கிள் என்றால் 262. மேற்கொண்டு 133. மூன்றால் வகுத்தால் 44 போக ஒன்று மிச்சம். மூன்றில் ஒரு பங்கு பைக் எந்த ஊரிலும் கிடையாது. "ஒண்ணு, யாரோ ஒரு ரூபா கூடக் குடுத்துட்டுப் போயிருக்கான். இல்லைன்னா ரெண்டு ரூபா குறையுது" என்றார் அப்பா. கூடக் கொடுக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. மஞ்சப்பையை உதறினோம். தையல் மடிப்புக்குள்ளிருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயம் விழுந்தது. 397. பைக் 45, சைக்கிள் 86. எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வேலை, ஸ்டாண்டில் வேலைக்கு நின்ற அண்ணன் ஒருவரிடம் இதை அளப்பதுதான். அப்பா ஊருக்குப் போகும் நாட்களில் அவர்தான் சீட்டுக் கிழிப்பார். அஞ்சு ரூபாய் காணாமல் போனால் கணக்கு இடிக்கும் அண்ணே, ரெண்டு ரூபாய் போனாலும் இடிக்கும், மூணு ரூபாய், ஆறு ரூபாய் போனால் மட்டும்தான் தெரியாது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். "அப்படியா தம்பி" என்று ரொம்ப ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு பொறுமையாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அதுக்கப்பறம் கணக்கு ஒரு நாளும் இடிக்கலை" என்றார் அப்பா. "மூணு மாசம். அதுதான் எனக்கு இடிச்சுச்சு. ஒரு மனுசன் கல்லாவுல நாலணா பெசகு வராம மூணு மாசமா?"

என்ன செய்தார் என்றால், ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் வந்து நின்ற பைக்குகளை எண்ணியிருக்கிறார். ஐம்பது. ராத்திரி 120 சீட்டு, கல்லாவில் 378 ரூபாய். எல்லாம் சைக்கிள் என்றால் 240, மிச்சம் 138, பைக் 46. நாள் முழுக்க வந்ததே 46 என்கிறது கணக்கு, மத்தியானமே 50 நிற்கிறது. பன்னிரண்டு ரூபாய். நாலு மூன்று.

மறு வாரம் ஸ்டாண்டுக்கு ரோஸ் கலரில் புது ரசீதுக் கட்டு வந்தது. பைக்குக்கு ரோஸ், சைக்கிளுக்கு மஞ்சள். இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிடலாம். அன்றோடு எங்கள் ஸ்டாண்டில் அல்ஜீப்ரா முடிந்தது. கலர் ஏன் மாறியது என்று நான் அப்போது கேட்கவும் இல்லை; 'இனி ராத்திரி சீக்கிரம் தூங்கலாம்' என்று சந்தோஷப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அவருக்கு எப்படி அது தெரிஞ்சுச்சு தாத்தா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"அந்த அண்ணனை என்ன செஞ்சீங்க?"

"என்னத்த செய்ய. அடுத்த தை மாசம் அவனுக்குக் கல்யாணம். போய் 101 ரூபா மொய் எழுதிட்டு வந்தேன்."

101-ஐ மூன்றால் வகுத்தால் 2 மிச்சம் வரும். எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.